வளரும் விரிசல், நின்ற விரிசல்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் விலைக்கு வந்த பழைய வீட்டைச் சோதிக்கப் போகும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் உள்ளே நுழைய அவசரப்பட மாட்டார். முதலில் காம்பவுண்டுச் சுவரை ஒரு சுற்று சுற்றி வருவார். விற்பவர் வீட்டுக்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, வாசல் நிலைக்கு வார்னிஷும் பூசி வைத்திருப்பார். காம்பவுண்டுச் சுவருக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது. அந்தச் சுவர் எங்கே வளைந்திருக்கிறது, எந்த இடத்தில் பிளந்து நிற்கிறது, கேட் ஏன் தரையில் உரசுகிறது என்று பார்த்தாலே அடியில் கிடக்கும் மண்ணின் குணம் பாதி பிடிபட்டுவிடும்.

கனமான கட்டடத்துக்குத்தான் மண்ணால் தொல்லை வரும் என்று நினைப்போம். அந்தப் பக்கத்துக் கரிசலில் கணக்கு தலைகீழ். கரிசல் மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய உண்டு. ஒரு நானோமீட்டர் அளவே தடிமனுள்ள ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு அது. ஏடுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றை விலக்கிவிடும். ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டை ஏடு ஏடாகப் பிரித்துப் பரப்ப முடிந்தால் மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர் வரை வரும். சென்னைக் கணக்கில் மூன்றரை கிரவுண்டு. பீங்கான் செய்ய உதவும் கயோலினைட்டுக்கு இதே கணக்கு 10, 20 சதுர மீட்டரோடு நின்றுவிடுகிறது. பரப்பு கூடக் கூடத் தண்ணீர் ஒட்டும் இடமும் கூடுகிறது, மண் ஊதுகிறது.

ஊதும்போது மேல்நோக்கித் தள்ளும். மோசமான கரிசலில் இந்தத் தள்ளல் சதுர மீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டும். ஓர் ஆள் உயரக் காம்பவுண்டுச் சுவர் தன் அடிமண்ணை அழுத்துவது இரண்டு, மூன்று டன் அளவில்தான். மண் அதைச் சிரமமே இல்லாமல் தூக்கும். ஒற்றை மாடி வீடும் பல சமயம் இந்தப் போட்டியில் தோற்கிறது. மூன்று மாடிக் கட்டடமோ தன் பாரத்தால் தப்பித்துக்கொள்கிறது.

தூக்குவதாவது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் பரவாயில்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியிலுள்ள மண் வெயிலும் மழையும் படாமல் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரத்து மண் சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும், ஐப்பசி மழையில் ஊறி எழும்பும். ஆண்டுதோறும் ஓரங்கள் இறங்கி ஏற, நடு அசையாமல் கிடக்கும். இந்த ஆட்டம் மேலிருந்து மூன்று, மூன்றரை மீட்டர் ஆழம் வரைதான். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்காக உருவாக்கிய அண்டர்-ரீம்டு பைல் இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அடியில் குமிழாக அகலும் கான்கிரீட் பைல் அது. குமிழின் விட்டம் பைலின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. ஆட்டம் இல்லாத ஆழத்தில் குமிழை ஊன்றிவிட்டால் மேல்மண் இழுத்தாலும் தள்ளினாலும் வீடு கூடப் போகாது. நாற்பது வருடத்துக்கு முன் மூன்றடி வானம் தோண்டிக் கருங்கல் கட்டி எழுப்பிய வீட்டில் இதை எதிர்பார்க்க முடியாது.

சென்னையில் கதை வேறு. கடற்கரையை ஒட்டி மணல், பரங்கிமலைப் பக்கம் பாறை, இடையே பல இடங்களில் களிமண். பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற பேட்டை இன்றும் இருக்கிறது; மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது; பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. ஏரிப்படுகைக் களிமண்ணின் தொல்லை ஊதுவதைவிட அமுங்குவதில்தான் அதிகம். மண்துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருக்கும். மேலே வீடு ஏறியதும் அந்தப் பாரத்தை முதலில் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ளும். அது கசிந்து வெளியேற வெளியேறப் பாரம் துகள்களின் மேல் இறங்கும், மண்ணும் அமுங்கும். மணலில் இது அன்றன்றைக்கே முடிந்துவிடும். களிமண்ணிலோ, காபி ஃபில்டரில் பொடியை இறுக அழுத்திவிட்டால் டிகாக்‌ஷன் இறங்க அடம்பிடிப்பதைப் போல, வருடக்கணக்கில் இழுக்கும். இஸ்தான்புல் ராபர்ட் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே எளிய கருவிகளை வைத்துச் சோதனை செய்த பொறியாளர் கார்ல் டெர்சாகி, 1925-ல் வியன்னாவில் வெளியான நூலில் இதைக் கணக்காக எழுதிவைத்தார். களிமண் படிவத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் அமுங்கி முடிய நான்கு மடங்கு காலம் ஆகும் என்பது அந்தக் கணக்கின் ஒரு விளைவு.

வீடு வாங்குபவருக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமுங்கல் ஒருநாள் அடங்கும். களிமண்மேல் முப்பத்தைந்து வருடம் நின்ற வீடு இறங்க வேண்டியதில் பெரும்பகுதி இறங்கி முடித்திருக்கும். அதன் சுவரிலிருக்கும் விரிசல் எப்போதோ நடந்ததன் தழும்பு. ஐந்து வருட வீட்டில் தெரியும் மெல்லிய கீறல், இன்னும் நடந்துகொண்டிருப்பதன் தொடக்கமாக இருக்கலாம். கரிசலின் ஆட்டமோ முடிவதே இல்லை. மழையும் வெயிலும் இருக்கும்வரை இருக்கும். ஆகவே விரிசல் எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன்னால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்று கேட்க வேண்டும். இன்ஜினியருக்குக் கொடுக்கும் பணம் முக்கியமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

விரிசலைப் படிப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. கொஞ்சம் ஜியாமெட்ரி போதும். செங்கல் சுவர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சுவரின் ஒரு முனை இறங்கினால் செவ்வகமாக இருந்தது இணைகரம் போலக் கோணும். ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். நீளும் மூலைவிட்டத்துக்குக் குறுக்கே சுவர் கிழியும். அதனால்தான் அஸ்திவார விரிசல்கள் பெரும்பாலும் சாய்வாக, ஜன்னல் மூலையில் தொடங்கி, கலவை வழியே படிப்படியாக ஏறுகின்றன. மேலே அகன்று கீழே குறுகினால் சுவரின் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி உட்காருகிறது. அதே விரிசல் வெளிப்பக்கமும் அதே இடத்தில் தெரிந்தால் கீறல் பூச்சோடு நிற்கவில்லை, சுவரையே பிளந்திருக்கிறது என்று பொருள்.

வீடு பார்க்கப் போகிறவர்களை மிரள வைக்கும் விரிசல்களில் பாதிக்கு மேல் அஸ்திவாரத்தோடு சம்பந்தமே இல்லாதவை என்பது என் கருத்து. மாடி அறையில் ரூஃபுக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடும் விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் இருபது டிகிரி சூடேறினால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளும். கீழேயுள்ள செங்கல் சுவர் நிழலில் இருக்கிறது. அதே சூட்டுக்கும் ஏறக்குறைய பாதிதான் நீளும். தளம் போக, சுவர் நிற்க, இரண்டுக்கும் நடுவே கோடு விழுகிறது. மொட்டை மாடியில் குளிர்ச்சி தரும் வெள்ளை ஓடு பதித்தாலே இது பெருமளவு குறையும். கான்கிரீட் பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்குத்தாக விழும் முடிக்கோடும், பூச்சில் சிலந்தி வலையாகப் பரவும் கீறல்களும் இதே ரகம்தான். ஒரு குறுக்குவழி உண்டு: அஸ்திவாரம் அசைந்த வீட்டில் தரைத்தளம் அதிகம் அடிபட்டிருக்கும், வெயில் செய்த வேலை உச்சி மாடியில் அதிகம் தெரியும். இந்த வேறுபாட்டைச் சொல்லி, பயந்து விலகப்போன குடும்பத்தை நல்ல வீடு வாங்க வைப்பதும் இன்ஜினியரின் வேலைதான். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அளவுகளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்கெம்ப்டன், மெக்டொனால்ட் என்ற இரு பொறியாளர்கள் 1956-ல் 98 கட்டடங்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டு பில்லர்களுக்கு இடையே ஏற்படும் இறக்க வித்தியாசம், அவற்றின் இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கை எட்டும்போது சுவர்கள் விரியத் தொடங்குவதும், நூற்றைம்பதில் ஒரு பங்கை எட்டும்போது பீம், பில்லர்களே சேதமாவதும் தெரிந்தது. மூன்று மீட்டர் இடைவெளியுள்ள பில்லர்களுக்கு முந்நூறில் ஒரு பங்கு என்பது 10 மில்லிமீட்டர். வீடு முழுவதும் ஒரே சீராக ஓர் அடி இறங்கினால் சாக்கடை இணைப்புதான் கெடும், சுவர் கெடாது. பக்கத்துப் பக்கத்து பில்லர்களுக்குள் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வீட்டைக் கிழித்துவிடும். பின்னால் பிரிட்டனில் விரிசலின் அகலத்தை வைத்து ஒரு தர வரிசை வந்தது: 5 மில்லிமீட்டர் வரை பூசி மெழுகலாம், 5 முதல் 15 வரை கொத்தனார் வேலை, 15-ஐத் தாண்டினால் சுவரின் பகுதிகளையே மாற்றிக் கட்ட வேண்டிவரும், 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைப்பே கேள்வி.

இந்த அளவுகள் எவையும் வேகத்தைச் சொல்வதில்லை. வேகத்தை அறிய இன்ஜினியர் கிட்டத்தட்டத் துப்பறிவாளர் ஆகிறார். டார்ச் அடித்து விரிசலின் உள்ளே பார்ப்பார். உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தால் விரிசல் பெயின்ட்டைவிடப் பழையது. தூசியும் ஒட்டடையும் படிந்து விளிம்பு மழுங்கியிருந்தால் அது பல காலமாகச் சும்மா இருக்கிறது. விளிம்பு கூர்மையாக, உள்ளே செங்கல் புது நிறத்தில் தெரிந்தால் அண்மையில் பிளந்தது. எல்லாவற்றிலும் மோசமானது, சிமென்ட் வைத்து அடைத்த பிறகும் அடைத்த இடத்திலேயே மறுபடி திறந்த விரிசல். ஒருமுறை அடைத்தவர் அது நின்றுவிட்டதென்று நம்பினார். வீடு அவரை மறுத்துவிட்டது.

அடுத்து மட்டம். எத்தனையோ மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன, ஆனாலும் மேஸ்திரிகள் கையிலுள்ள டியூப் லெவலை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும். எதை அளப்பது என்பதில்தான் படிப்பு வேண்டும். டைல்ஸ் தரையை மட்டும் அளந்தால் ஏமாறலாம். இறங்கிய தரைக்குமேல் கலவையைக் கூட்டிப் புது டைல்ஸை மட்டமாகப் பதித்திருக்கலாம். ஆகவே பேஸ்மட்டத்தின் மேல்விளிம்பு, ஜன்னல் அடிமட்டம், லிண்டல் என்று கட்டும்போது கொத்தனார் மட்டம் பார்த்து வைத்த கோடுகளை எல்லாம் அளக்க வேண்டும். அவை யாவும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தால் வீடு கட்டி முடித்த பிறகு நகர்ந்திருக்கிறது. தரை மட்டும் சாய்ந்து லிண்டல் நேராக இருந்தால் ஒன்று தரைக்கு அடியில் கொட்டிய கிராவல் சரியாக இறுகவில்லை, இல்லையேல் கொத்தனார் கைவரிசை.

விரிசலே இல்லாத வீட்டுக்கும் இந்த மட்ட அளவீடு வேண்டும். பைசா நகரக் கோபுரத்தைச் சாய்த்தது அதன் சுவரல்ல, அடியிலுள்ள மண். 1173-ல் தொடங்கிய வேலை ஐந்தாறு ஆண்டுகளில் மூன்றாம் தளத்தோடு நின்றுபோய், 1272-ல்தான் மறுபடி தொடங்கியது. அந்த நீண்ட இடைவெளியில் அடியிலுள்ள களிமண் அமுங்கி வலுவேறியது. நிறுத்தாமல் கட்டியிருந்தால் அன்றே விழுந்திருக்கும் என்பது பின்னாளில் ஆராய்ந்த பொறியாளர்களின் முடிவு. 1990-ல் பார்வையாளர்களை நிறுத்திவிட்டு, உயர்ந்திருந்த வடக்குப் பக்கத்து மண்ணைச் சிறிது சிறிதாகத் துளையிட்டு எடுத்தே கோபுரத்தின் உச்சியைச் சுமார் 45 சென்டிமீட்டர் மீட்டு, 2001-ல் திறந்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரே கான்கிரீட் பலகைமேல் நிற்கும் அடுக்குமாடிகளும் இப்படி விரிசலின்றி மொத்தமாகச் சாயக்கூடியவை.

இவ்வளவுக்குப் பிறகும் அஸ்திவாரத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஒரே வழி, சுவரோரம் ஒரு மீட்டர் அகலத்தில் குழி எடுப்பது. கடைக்கால் எவ்வளவு ஆழம், கருங்கல்லா கான்கிரீட்டா, எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும். குழியின் பக்கச்சுவரில் உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, பிளாஸ்டிக் பை தெரிந்தால் அது கொட்டிய மண். இயற்கையாகப் படிந்த மண்ணில் பிளாஸ்டிக் பை கிடைக்காது. அத்தகைய மண்மேல் நிற்கும் கடைக்காலைப் பார்த்தால் விலையைப் பற்றி மறுபடி பேச வேண்டியதுதான். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எண்ணாகத் தெரிய வேண்டுமானால் போர் போட்டு எஸ்.பி.டி. சோதனை செய்வார்கள்: 63.5 கிலோ சுத்தி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்பதே அந்த எண். பழைய தனி வீட்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. முப்பது வருடம் நின்ற வீடே அந்தச் சோதனையைச் செய்து முடித்திருக்கிறது.

கருவிகளோடு வருபவரைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ரீபவுண்ட் ஹேமர் கான்கிரீட்டின் தோலைத் தட்டிப் பார்க்கிறது. அது சொல்லும் வலுவில் 25 சதவீதம் வரை பிசகலாம். ஒலித்துடிப்புச் சோதனையில் ஒலியின் வேகம் விநாடிக்கு மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வந்தால் கான்கிரீட் நல்லது, மூன்றுக்குக் கீழே வந்தால் சந்தேகம். கடற்கரையோர வீடுகளில் இவற்றைவிட முக்கியம் கம்பியில் துரு. துரு தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் அடங்கும். பெசன்ட் நகரில் மணல்மேல் அசையாமல் நிற்கும் வீட்டில் அஸ்திவாரத்தைத் தேடிக் கவலைப்படுகிறவர், சன்ஷேடிலிருந்து பெயர்ந்து விழும் காரையை முதலில் பார்க்கட்டும்.

மண்ணை மாற்ற முடியாது, தண்ணீரை மாற்றலாம். அறிக்கையில் நான் முதலில் தேடுவது தண்ணீர் பற்றிய பக்கத்தைத்தான். மொட்டை மாடிக் குழாய் நேராகச் சுவரடியில் கொட்டுகிறதா, சம்ப் கசிகிறதா, செப்டிக் டேங்க் கடைக்காலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, களிமண் தரையில் வேம்போ அரசோ எவ்வளவு நெருங்கி நிற்கிறது. பெரிய மரம் கோடையில் களிமண்ணை உறிஞ்சிச் சுருக்கும். பயந்து ஒரேயடியாக வெட்டினால் மண் வருடக்கணக்கில் ஊறி எழும்பி வேறு விதமாக உடைக்கும். பிரிட்டனில் 1971-ல்தான் வீட்டுக் காப்பீட்டில் நிலம் இறங்குவதையும் சேர்த்தார்கள். 1976-ல் வந்த வறட்சியில் லண்டன் களிமண் சுருங்க, நிறுவனங்களுக்குக் குவிந்த கோரிக்கைகளில் மரத்தடி வீடுகள் ஏராளம். வீடு வாங்குமுன் கட்டட சர்வேயரை அழைத்துச் சோதிப்பது அங்கே சகஜம்.

யாரை அழைப்பது? வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் அறிக்கையை நம்பிச் சும்மா இருப்பவர்கள் அதிகம். கடனுக்கு ஈடாக அந்தச் சொத்து என்ன விலை போகும் என்று வங்கிக்குச் சொல்ல வந்தவர் அவர். உங்கள் கடைக்காலைப் பற்றி அவர் வாய் திறக்கத் தேவையில்லை. புரோக்கர் கூட்டிவரும் இன்ஜினியரையும் தவிருங்கள். அடுத்த வீட்டுக்கும் அதே புரோக்கர்தானே அவரைக் கூப்பிட வேண்டும். உள்ளாட்சியிலோ சி.எம்.டி.ஏ.விலோ பதிவு பெற்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியராக, ரிப்பேர் வேலையை ஏற்று நடத்தாதவராக இருந்தால் நல்லது. ஊசி இறக்கிச் சிமென்ட் ஏற்றும் வேலை செய்பவருக்கு எல்லா வீடும் நோயாளியாகத்தான் தெரியும். எதைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை என்று இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "வாங்கலாமா வேண்டாமா, சார்?" என்ற கேள்விக்கு நல்ல இன்ஜினியர் பதில் சொல்லமாட்டார். சரிசெய்ய என்ன செலவாகும், செய்யாவிட்டால் எவ்வளவு காலத்தில் என்ன ஆகும் என்று மட்டும் சொல்வார்.

காலம்தான் தீராத சிக்கல். விரிசல் வளர்கிறதா என்று உறுதியாகச் சொல்ல, அதன்மேல் கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் காத்திருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தவருக்கு இருப்பது மூன்று மாதம். சமரசமாக, கரிசலில் மே மாதம் பார்ப்பது நல்லது. விரிசல்கள் அகன்று திறந்திருக்கும். மார்கழியில் மண் ஊதி அவற்றை மூடிவிடும். சம்ப் கசிவையும் தண்ணீர் தேக்கத்தையும் பார்க்கவோ மழைதான் வேண்டும். ஒருமுறைதான் போக முடியும் என்றால் கரிசலுக்குக் கோடையிலும், சென்னையின் தாழ்வான பகுதிகளுக்கு மழை விட்ட மறுவாரமும் போகலாம்.

அறிக்கையை வாங்கி மேசைக்குள் வைப்பதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 55-ன்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். இன்ஜினியரின் அறிக்கை உங்கள் கையில் வந்த நாளிலிருந்து அந்தக் குறை உங்களுக்குத் தெரிந்த குறை. பில்டரிடம் புதிதாக வாங்கும் ஃபிளாட்டுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைச் செலவில்லாமல் சரிசெய்து தரும் பொறுப்பை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பில்டர்மேல் வைக்கிறது. பழைய வீட்டை விற்கும் தனி மனிதருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. ஆகவே "இன்ஜினியர் அறிக்கைக்கு உட்பட்டு" என்ற வரி கிரய ஒப்பந்தத்திலேயே, அட்வான்ஸ் கைமாறும் முன்பே ஏற வேண்டும். குழி எடுக்க அனுமதியும் அதே பத்தியில் இருக்கட்டும். எடுத்த குழியைத் தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு மூடித் தருவது வாங்குபவர் செலவு.